சிலுவைக் குறிக்கு அப்பால்

பழைய வரைபடங்களைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சுகள் தயாராக இருக்கின்றன. ஒன்று, சிரிப்பு. ‘பாரேன், கலிபோர்னியாவைப் போய்த் தீவுன்னு வரைஞ்சு வச்சிருக்கான்!’ காப்பிக்கடைச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் நகல்களில் பாதி இந்தச் சிரிப்புக்காகத்தான் தொங்குகின்றன. இரண்டாவது, கொஞ்சம் கோட்பாடு வாசித்தவர்களின் பேச்சு: வரைபடம் அதிகாரத்தின் கருவி; வரைந்தவன் கைப்பற்ற வந்தவன்; கதை முடிந்தது.

இரண்டாவது பேச்சில் தவறில்லை. ஆனால் முடிவு முன்பே தெரிந்துவிட்ட கதையை யாரும் ஊன்றிப் படிப்பதில்லை. வரைபடத்தின் முன்னால் நின்று ‘அதிகாரம்’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதைப் பார்க்கவே வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

வரைபட வரலாற்றாளர் ஜே. பி. ஹார்லி 1988இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இரண்டாவது பேச்சுக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று. வரைபடத்தில் இருப்பதைப் போலவே இல்லாததையும் வாசிக்க வேண்டும் என்றார். வெற்றிடம் சும்மா விட்ட இடம் அல்ல, அது ஒரு மௌனம். அதற்குப் பின்னால் அரசனும் வணிகனும் நிற்கலாம் என்றார். அவரை ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறேன். நான் கூடுதலாகச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மௌனங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. தெரியாததால் வரும் மௌனம் உண்டு, சொல்லக்கூடாது என்பதால் வரும் மௌனம் உண்டு, தெரிந்ததை அழித்துவிட்டு வரும் மௌனமும் உண்டு. அமெரிக்கக் கரையை ஐரோப்பியர் முதன்முதலில் வரைந்த படங்களில் இந்த மூன்றையும் பார்க்கலாம்.

அமெரிக்கக் கரையைக் காட்டும் ஐரோப்பிய வரைபடங்களில் இன்று நம் கையில் இருப்பவற்றுள் மிகப் பழையது 1500ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஹுவான் டி லா கோசா என்ற மாலுமி, தென் ஸ்பெயினின் புவேர்ட்டோ டி சாந்தா மரியா துறைமுகத்தில் தோலின் மீது வரைந்தது. இப்போது மாட்ரிட் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கியூபாவைத் தேடிப் பாருங்கள். நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவாக இருக்கும். இதுல என்ன இருக்கு, கியூபா தீவுதானே என்று தோன்றும். இருக்கிறது.

1494ஆம் ஆண்டு ஜூன் 12. கொலம்பஸின் இரண்டாம் பயணம். மூன்று கப்பல்கள் கியூபாவின் தென்கரையை ஒட்டி மேற்கே போகின்றன. கரை முடிகிற மாதிரி இல்லை. ஆசியாவின் பெருநிலத்தைத் தொட்டுவிட்டதாகக் கொலம்பஸ் அரசருக்குக் காட்டியாக வேண்டும். கப்பலில் இருந்த நோட்டரியை அனுப்பி ஆட்களிடம் சத்தியம் வாங்குகிறார்: இது தீவல்ல, பெருநிலம். பிற்பாடு மாற்றிப் பேசினால் 10,000 மராவெடி அபராதம், நாக்கும் அறுக்கப்படும். பணம் கட்ட வழியில்லாத கடைநிலை ஆட்களுக்கு அபராதத்துக்குப் பதில் நூறு சவுக்கடி, நாக்கு எப்படியும் போகும். அன்றைக்குச் சத்தியம் செய்தவர்கள் பட்டியலில் வரைபடக்காரர் லா கோசாவின் பெயரும் இருக்கிறது.

ஆறு வருஷம் கழித்து அதே ஆள் கியூபாவைத் தீவாக வரைகிறார். செபாஸ்டியன் டி ஓகாம்போ கியூபாவைக் கப்பலில் சுற்றிவந்து அது தீவுதான் என்று உறுதிசெய்தது 1508இல். அதற்கும் எட்டு வருஷம் முன்பே லா கோசா வரைந்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்பது பெரிய மர்மம் இல்லை. அந்த மண்ணின் மக்கள் 1492லேயே, தங்கள் ஓடத்தில் இருபது நாள் போனாலும் சுற்றி முடிக்க முடியாத தீவு இது என்று சொல்லியிருந்தார்கள். கொலம்பஸின் நாட்குறிப்பிலேயே அது பதிவாகி இருக்கிறது. கேட்டவர் நம்ப விரும்பவில்லை, அவ்வளவுதான். சத்தியம் நாக்கைத்தான் கட்டியது, கையை அல்ல. லா கோசா எங்கேயும் ‘நான் அன்றைக்குச் சொன்னது பொய்’ என்று எழுதவில்லை. தீவைத் தீவாக வரைந்தார்.

அதே படத்தின் மேற்கு ஓரத்துக்குப் போனால் வேறொரு லா கோசாவைப் பார்க்கலாம். வடக்கே இருந்தும் தெற்கே இருந்தும் பச்சையாக இறங்கிவரும் இரண்டு கரைகள் சந்திக்க வேண்டிய இடத்தில் கரையே இல்லை. புனித கிறிஸ்டோபர் நிற்கிறார், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து தண்ணீரைக் கடந்தபடி. அது கொலம்பஸுக்கான மரியாதை என்பார்கள். அவர் பெயரும் கிறிஸ்டோபர்தான். இருக்கட்டும். ஆனால் அந்தச் சித்திரம் வைக்கப்பட்டிருக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஆசியாவுக்குப் போகக் கடல்வழி அங்கே இருக்கிறதா இல்லையா என்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய கேள்வி. ‘இருக்கிறது’ என்று வரைந்தாலும் பொய், ‘இல்லை’ என்று வரைந்தாலும் பொய். லா கோசா ஒரு புனிதரை நிறுத்திவைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். இதைத் தந்திரம் என்று சொல்லலாம். எனக்கு அது தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு வழியாகப் படுகிறது. இது முதல்வகை மௌனம்.

இரண்டாவது வகைக்கு லிஸ்பன் போக வேண்டும். 1502. போர்ச்சுகலில் கடல்வழித் தகவல்கள் அரசாங்க ரகசியம். இத்தாலியின் ஃபெராரா கோமகனுடைய ஆளாக அங்கே இருந்த ஆல்பர்ட்டோ கான்டினோ, 12 தங்க டுகாட் கொடுத்து ஒரு உலக வரைபடத்தை வரையவைத்து இத்தாலிக்குக் கடத்துகிறார். வரைந்தவர் பெயர் தெரியாது. காசு கொடுத்தவர் பெயரில்தான் அந்தப் படம் நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மோடெனா நகரத்து இறைச்சிக்கடை ஒன்றில் கிடைத்து, இப்போது அதே ஊரின் நூலகத்தில் இருக்கிறது.

நம் பக்கத்து வாசகருக்கு இந்தப் படத்தில் ஒரு ஆச்சரியம் உண்டு. மலாக்காவும் அதில் இருக்கிறது. போர்ச்சுகீசியக் கப்பல் முதன்முதலில் மலாக்காவுக்கு வந்தது 1509இல். அதாவது ஏழு வருஷம் முன்பே, கண்ணால் பார்க்காமல், கோழிக்கோட்டுப் பக்கம் காதில் விழுந்ததை வைத்தே எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் உள்ள குறிப்பு சரக்குகளின் பட்டியல்: கிராம்பு, சந்தனம் என்று கோழிக்கோட்டுக்குப் போகிற பொருள்கள். இந்தப் படம் ஒரு ஊரைப் பார்க்கும் விதம் அது. ஊரில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு முன்னால், என்ன கிடைக்கும்.

அதே கண்ணோடு அமெரிக்காவின் வடகரைக்குப் போவோம். நியூஃபவுண்ட்லாந்து இருக்கும் இடத்தில் உயரமான மரங்கள் நெருக்கமாக நிற்கும் ஒரு நிலம் வரையப்பட்டிருக்கிறது. போர்ச்சுகல் அரசனின் நிலம் என்று பெயர். 1494இல் டோர்டெசிலாஸ் ஒப்பந்தத்தின்படி ஸ்பெயினும் போர்ச்சுகலும் உலகத்தைப் பங்குபோட்டுக்கொண்ட கோடு இந்தப் படத்தில் செங்குத்தாக இறங்குகிறது. கோட்டுக்குக் கிழக்கே போர்ச்சுகலுக்கு, மேற்கே ஸ்பெயினுக்கு. மரங்கள் நிறைந்த அந்த நிலம் கோட்டுக்குக் கிழக்கே, போர்ச்சுகல் பக்கமாக வந்து நிற்கிறது. உண்மையில் அது மேற்கே இருக்கிறது. கடலில் நெடுங்கோட்டை ஒழுங்காக அளக்க வழி இல்லாத காலம் அது. பிழையும் ஆசையும் ஒரே கோட்டில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க முடியாது. அந்த வசதி படத்தை வரையச் சொன்னவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

நான் நின்றுவிட்ட இடம் அந்த மரங்களின் பக்கத்தில் உள்ள குறிப்பு. அது சொல்வது ஏறத்தாழ இப்படி: அரசரின் ஆணைப்படி காஸ்பர் கோர்ட்டே ரியல் இந்த நிலத்தைக் கண்டுபிடித்தார். இங்கே கண்ட ஆண்கள், பெண்கள் சிலரை ஒரு கப்பலில் அனுப்பினார். இன்னொரு கப்பலோடு அவர் தங்கினார், திரும்பி வரவே இல்லை, தொலைந்துபோனதாக நம்பப்படுகிறது. இங்கே பாய்மரங்கள் நிறைய இருக்கின்றன.

ஒரே மூச்சில் நான்கு செய்திகள். பிடித்துக் கொண்டுபோன மனிதர்கள், காணாமல்போன தலைவர், அப்புறம் சரக்கு. எந்தச் செய்தியும் இன்னொன்றைத் தொந்தரவு செய்வதில்லை. அங்கே நிற்பவை இன்னும் வெட்டாத மரங்கள். குறிப்பு அவற்றை மரம் என்று சொல்லாமல் பாய்மரம் என்கிறது. கப்பலேறியவர்கள் லிஸ்பனில் இறங்கியபோது இதே கான்டினோ நேரில் பார்த்தார். 1501 அக்டோபரில் கோமகனுக்கு எழுதிய கடிதத்தில், ஏறத்தாழ ஐம்பது பேர் வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டதாகவும், தான் அவர்களைத் தொட்டுப் பார்த்துச் சோதித்ததாகவும் எழுதுகிறார். படத்தில் அவர்களுக்கு ஒரு உருவம்கூட இல்லை. இங்கே மௌனம் தெரியாமையால் வந்தது அல்ல. மனிதர்களைப் பற்றித் தெரியும், பார்த்தாயிற்று, தொட்டாயிற்று. கணக்கில் எழுத அது அவசியமாகப் படவில்லை.

அச்சு வந்த பிறகு விஷயம் இன்னும் மாறுகிறது. 1507இல் மார்ட்டின் வால்ட்சீமுல்லர் பன்னிரண்டு தாள்களில் அச்சிட்ட வரைபடத்தில்தான் ‘அமெரிக்கா’ என்ற பெயர் முதன்முதலாக ஒரு நிலத்தின் மீது ஏறியது. இத்தாலிய மாலுமி அமெரிகோ வெஸ்புச்சியின் நினைவாக. 1513இல் அவர் கைப்பட்ட அடுத்த வரைபடத்தில் அந்தப் பெயர் இல்லை. அறியப்படாத நிலம் என்று மட்டும் இருக்கிறது, கண்டவர் கொலம்பஸ் என்ற குறிப்போடு. பெயர் வைத்தவரே எடுத்துவிட்டார். ஆனால் மற்றவர்கள் எடுக்கவில்லை. 1538இல் மெர்கேட்டர் வடக்கு, தெற்கு இரண்டு கண்டங்களுக்கும் அந்தப் பெயரையே போட்டார். 1507 படத்தில் தப்பிய ஒரே பிரதியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2003இல் ஒரு கோடி டாலருக்கு வாங்கியது. பெயரை எடுத்த படத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்? வரைபடத்தில் சந்தேகத்தைவிடப் பெயர் வேகமாகப் பரவும்.

இனி, நான் முக்கியமாகப் பேச நினைத்த இரண்டு படங்கள். இரண்டும் ஒரே மனிதருடையவை: இங்கிலாந்தின் கேப்டன் ஜான் ஸ்மித்.

முதலாவது, 1612இல் வெளியான வர்ஜீனியா வரைபடம். 1608 கோடையில் ஒரு திறந்த படகில் சில ஆட்களோடு செசபீக் வளைகுடாவைச் சுற்றி, ஆறுகளில் ஏறி இறங்கி ஸ்மித் சேர்த்த தகவல் அது. மேற்குத் திசை மேலே இருக்கும்படி வரையப்பட்டிருக்கிறது, கடலில் இருந்து நிலத்துக்குள் போகிறவன் பார்வையில். ஆறுகளின் தலைப்பகுதியில், மலைகளை நெருங்கும் இடங்களில், சின்னச் சின்னச் சிலுவைக் குறிகள். படத்திலேயே அதற்கு விளக்கமும் இருக்கிறது: சிலுவை வரை நாங்கள் கண்டறிந்தது; அதற்கு அப்பால் இருப்பது பிறர் சொல்லக் கேட்டது.

சொன்னவர்கள் யார்? அந்த ஆறுகளின் கரைகளில் வாழ்ந்த மக்கள். அதாவது சிலுவைக்கு அப்பால் உள்ள ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு ஊரும், பெயர் தெரியாத யாரோ ஒருவர் ஸ்மித்துக்குச் சொன்னது, மணலிலோ கையிலோ காட்டியது. கொலம்பஸ் காதில் விழுந்ததைத் தள்ளினார். கான்டினோவின் படம் கேட்டதையும் பார்த்ததையும் ஒரே மையில் எழுதியது. ஸ்மித் கேட்டது என்று அடையாளம் போட்டார். படத்தின் இடது மேல் மூலையில் பொவ்ஹாட்டன் என்ற பேரரசர் தன் நீள்வீட்டில், சபை சூழ உட்கார்ந்திருக்கிறார். நிலமெங்கும் அவர்கள் மொழியில் ஊர்ப் பெயர்கள், சுமார் இருநூறு.

சிலுவைகள் ஒரு நல்ல மனிதனின் அடையாளம் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்மித் துப்பாக்கியைக் காட்டிச் சோளம் வாங்கியவர். அந்தப் படமும் குடியேற ஆள் பிடிக்கத்தான் அச்சானது. ஆனாலும் அந்தக் குறிகளால் ஒரு பலன் இருக்கிறது, அது ஸ்மித்தின் நோக்கத்தைத் தாண்டியது. பொவ்ஹாட்டன் மக்கள் பேசிய மொழி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் பேச்சில் இருந்து மறைந்துவிட்டது. அதன் சொற்களில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்மித்தும் வில்லியம் ஸ்ட்ரேச்சியும் எழுதிவைத்தவை. பொவ்ஹாட்டனின் தலைநகரமான வெரோவோகோமோகோ இருந்த இடத்தை 2003வாக்கில் தொல்லியலாளர்கள் உறுதிசெய்ய ஸ்மித்தின் படமும் குறிப்புகளும் உதவின. அதில் ஆற்றின் பெயராக உள்ள பமங்கியின் மக்கள் இன்றைக்கும் அங்கேயே வாழ்கிறார்கள். 2016இல்தான் அமெரிக்க மத்திய அரசின் அங்கீகாரம் அவர்களுக்கு நடைமுறைக்கு வந்தது. ‘வரைபடம் அதிகாரம்’ என்று முத்திரை குத்தி மூடிவைத்தால் இந்தச் சாட்சியங்களையும் சேர்த்து மூடிவிடுகிறோம்.

இரண்டாவது, நான்கு வருஷம் கழித்து, 1616. 1614இல் ஸ்மித் வடக்கே போய் ஒரு கரையை அளந்து வந்தார். நியூ இங்கிலாந்து என்ற பெயரைப் பரப்பியவர் அவர்தான். கரைக்கோடு நன்றாகவே வந்திருக்கிறது. புத்தகம் அச்சாகும் முன் இளவரசர் சார்லஸிடம் படத்தைக் கொடுத்து, அந்தக் காட்டுமிராண்டிப் பெயர்களை மாற்றித் தரும்படி கேட்டுக்கொண்டார். இளவரசருக்கு அப்போது பதினைந்து வயது. அவர் அந்த மண்ணில் கால் வைத்ததில்லை. இருந்தாலும் மாற்றினார். அக்கோமாக் பிளிமத் ஆனது. மாசசூசெட்ஸ் ஆறு, சார்லஸ் ஆறு ஆனது. தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டார். ஸ்மித் ஒரு துருக்கிப் பெண்ணின் நினைவாக வைத்த முனையின் பெயர் இளவரசரின் அம்மா பெயரான ஆன் ஆனது. லண்டனும் பாஸ்டனும்கூட உண்டு, ஒரு வீடுகூடக் கட்டுவதற்கு முன்பே. அந்த பாஸ்டன் இன்றைய பாஸ்டன் இருக்கும் இடத்திலும் இல்லை.

1612 படத்தில் பொவ்ஹாட்டன் உட்கார்ந்திருந்த அதே இடது மேல் மூலையில், 1616 படத்தில் ஸ்மித்தின் சொந்த முகம் இருக்கிறது. சிலுவைக் குறிகளைக் காணோம். கேட்டு எழுதியது என்பதற்கான தடமே இல்லை.

பிளிமத் என்ற பெயர் விழுந்த வளைகுடாவுக்கு இன்னொரு படமும் உண்டு என்பதால்தான் இதை அழித்தல் என்று சொல்கிறேன். பிரெஞ்சுக்காரரான சாமுவேல் டி சாம்ப்ளேன் 1605இல் அங்கே வந்து வரைந்த சின்ன வரைபடம் 1613இல் அச்சானது. அதில் கரை நெடுக வீடுகள், வீடுகளைச் சுற்றித் தோட்டங்கள், சோளம். ஊர் நிறைய ஆட்கள் இருந்த இடம். அவர்கள் வைத்திருந்த பெயர் பட்டக்ஸெட். 1614இல் ஸ்மித்தின் பயணத்தில் இன்னொரு கப்பலுக்குத் தலைவராக வந்த தாமஸ் ஹண்ட் அந்த ஊர்க்காரர்கள் பலரைப் பிடித்துக்கொண்டுபோய் ஸ்பெயினில் விற்றார். அதில் ஒருவர் டிஸ்குவாண்டம். சில வருஷங்களில் கொள்ளைநோய் அந்த ஊரையே துடைத்துப்போட்டது. 1619இல் டிஸ்குவாண்டம் எப்படியோ திரும்பி வந்தபோது ஊரில் யாரும் இல்லை. 1620இல் ஆங்கிலேயக் குடியேறிகள் கப்பலில் வந்து இறங்கியது அந்தக் காலியான இடத்தில். பெயர் ஏற்கெனவே தயாராக இருந்தது. பெயர் நோயைக் கொண்டுவரவில்லை, அப்படிச் சொன்னால் அது வெறும் கவிதை. ஆனால் வந்திறங்கியவர்களுக்கு அந்த இடம் யாருடைய ஊரோ என்று தோன்றாமல், தங்கள் ஊரின் பெயர் கொண்ட இடமாகத் தோன்றுவதற்கு அந்தப் படம் வழிசெய்தது.

ஸ்மித் ஹண்ட்டின் ஆள்கடத்தலைக் கண்டித்து எழுதியிருக்கிறார். பழைய பெயர் ஒரு பக்கம், புதுப் பெயர் ஒரு பக்கம் என்று பட்டியலும் விட்டுச்சென்றார். அதனால்தான் அழிக்கப்பட்டது எது என்று இன்று சொல்ல முடிகிறது. கெட்டவர் ஒருவர் வந்து நல்ல படத்தைக் கெடுத்த கதை இல்லை இது. கேட்டதைக் கேட்டது என்று குறிக்கத் தெரிந்த அதே கை, நான்கே வருஷத்தில், கேட்டவற்றை ஒரு சிறுவனிடம் நீட்டி மாற்றித் தரச் சொன்னது. என்னை அதிகம் தொந்தரவு செய்வது இந்த இரண்டு ஸ்மித்துகளும் ஒருவரே என்பதுதான்.

இரண்டு படங்களும் ஒரே அதிகாரத்துக்குத்தான் வேலை செய்தன. அதை ஹார்லி நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஆனால் அதிகாரம் என்ற ஒற்றைச் சொல்லால் 1612ஐயும் 1616ஐயும் வேறுபடுத்த முடியாது. எனக்கு அந்த வேறுபாடு வேண்டும், ஏனென்றால் இறந்துபோன ஒரு மொழியின் இருநூறு ஊர்ப் பெயர்கள் அந்த வேறுபாட்டில்தான் தப்பியிருக்கின்றன. வரலாற்று நாவலானாலும் பயணநூலானாலும், இனி எதை வாசிக்கும்போதும் நான் முதலில் கேட்கப்போவது ஆசிரியர் யார் பக்கம் என்பதை அல்ல. அது பெரும்பாலும் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இவர் தானே பார்த்தது எது வரை, யாரோ சொல்லிக் கேட்டது எங்கிருந்து, அந்த இடத்தில் ஒரு குறி போட்டிருக்கிறாரா? குறி இருந்தால் அதைத் தாண்டிப் போய்ச் சொன்னவரைத் தேட முடியும். இல்லாவிட்டால் படத்தின் மூலையில் ஒரே ஒரு முகம்தான் மிஞ்சும்.